ஆறுதலாச் சைக்கிள் ஓடப் போன கதை

1

போன கிழமை பவானி ரெலிபோன் எடுத்தவள். என்னோட பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்து படிச்சவள், இப்பவும் யாழ்ப்பாணத்திலதான் இருக்கிறாள். கண்ணுக்கு வைத்தியம் செய்யக் கப்பலேறிக் கொழும்புக்கு வந்த இடத்தில, என்ர அவரின்ர தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கை எங்கட படத்தைப் பாத்திட்டாள்.

"எடியே, நீங்கள் ஒஸ்ரியாவுக்குப் போய் மலையடியில சைக்கிள் ஓடினியளாமே?"

"ஓம்."

"காசு குடுத்தோ?"

"ஓமடி."

"காசு குடுத்து, பிளேன் ஏறிப் போய், சைக்கிள் ஓடினியள்?" அவள் சிரிச்ச சிரிப்பு லண்டன் வரைக்கும் வயர் இல்லாமலே கேட்டிருக்கும். "ஊரில எங்களுக்குப் பெற்றோல் இல்லை, சைக்கிள் ஓடுறம். உங்களுக்கு என்ன கேடு?" பிறகு குரலை இறக்கி, "எண்டாலும் நீங்கள் குடுத்து வைச்சனியள்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாள்.

குடுத்து வைச்சதாம். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. அவளில பிழையில்லை, படத்தில மூண்டு பேரும் ஹெல்மெற் போட்டுக்கொண்டு, பின்னுக்கு மலை, முன்னுக்குப் புல்லு, பாக்க வடிவாத்தான் கிடக்கு. படத்தில சத்தம் வராதுதானே. அந்த ஒரு கிழமையைத் திட்டம் போட நான் பட்ட பாட்டை ஊரில ஒருத்தரும் கேக்கேல்லை. கேக்காட்டிலும் சொல்லத்தான் போறன்.

2

நாங்கள் இருக்கிறது லண்டனில ஃபாரஸ்ட் கேட்டில. எண்பதுகளின்ர நடுவில அகதியா வந்தனாங்கள். இவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கு. எனக்குக் கவுன்சில் ஒஃபிசில வேலை. ரெலிபோனைத் தூக்கினால் கூரை ஒழுகுது, ஹீற்றர் வேலை செய்யேல்லை, பக்கத்து வீட்டு நாய் குலைக்குது. நாள் முழுக்க மற்றவையின்ர முறைப்பாட்டைக் கேக்கிறவளுக்குத் தன்ர முறைப்பாட்டைச் சொல்ல ஒரு நம்பரும் இல்லை. அதாலதான் எழுதுறன்.

எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை, ஆரணி. ஆறு வயசில என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஹீத்ரோவில இறங்கினவள். அந்த நேரம் வாய் ஓயாது. பஸ்ஸில, கடையில, கக்கூசுக்குள்ள இருந்துகூடக் கதைச்சுக்கொண்டே இருப்பாள். நான்தான் "கொஞ்சம் சும்மா இரு பிள்ளை" எண்டு கெஞ்சுவன். இப்ப பதினெட்டாகப் போகுது. ரெண்டு வருஷமா வீட்டுக்கு வந்தால் நேர மேல போவாள், கதவு சாத்துப்படும். சாப்பிட்டியோ எண்டால் "ம்". சோதினை என்ன மாதிரி எண்டால் "ஃபைன்". இந்த ரெண்டு சொல்லையும் வைச்சுக்கொண்டு ரெண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

யூனிவேர்சிற்றிக்கு ஸ்கொட்லாந்தைப் போட்டாள். உலகம் முழுக்க இருந்து எங்கட சனம் பிள்ளையளை லண்டனுக்குப் படிக்க அனுப்புது, இவள் லண்டனை விட்டு ஓடுறாள். ஏன் பிள்ளை எண்டு கேட்டதுக்கு "நல்ல கோர்ஸ்" எண்டாள். கோர்ஸ் இல்லை, தூரம்தான் நல்லது எண்டு விளங்காத அளவுக்கு நான் மொக்கு இல்லை.

அப்பிடி இருக்கேக்க, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில தானா வாயைத் திறந்தாள். அவள் கதைக்கிறது இங்கிலீசில, நான் உங்களுக்காகத் தமிழில எழுதுறன்.

"இந்தச் சமருக்கு எங்கையாவது போவமோ? நாங்கள் மட்டும். அங்கிள் இல்லை, அன்ரி இல்லை, சாறி இல்லை. மலை இருக்கிற ஒரு ஊரில சும்மா சைக்கிள் ஓடுவம். ரிலாக்ஸ்டா."

"ஏன், நாங்கள் லீவுக்குப் போறேல்லையே?" எண்டார் இவர். "பாரிஸ் போனம். ரொறன்ரோ போனம். ஜேர்மனி போனம்."

"அப்பா, எனக்குப் பாரிசைத் தெரியாது. பாரிசில இருக்கிற கலியாண ஹோலைத்தான் தெரியும்."

உண்மைதான். பாரிசுக்குப் போனது ஆற்றையோ மகள் பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டுக்கு. ஈபிள் கோபுரத்தை வானுக்குள்ள இருந்து கழுத்தை வளைச்சுப் பாத்தம். ரொறன்ரோவுக்குப் போனது கலியாணத்துக்கு. நயாகரா பாக்க நேரமில்லை, நான் மாப்பிளை வீட்டாருக்கு இடியப்பம் அவிச்சுக்கொண்டு நிண்டனான். ஜேர்மனியில கோயில் திருவிழா, அதுவும் மழைக்கு ஒரு ஹோலுக்குள்ளதான். இந்தப் பிள்ளை ஐரோப்பா முழுக்கப் பிளாஸ்ரிக் கதிரைதான் கண்டிருக்கிறாள்.

ரெண்டு வருஷத்தில அவள் எங்களிட்டக் கேட்ட ஒரே விஷயம் அது. அதால இவரின்ர முகத்தைக்கூடப் பாக்காமல் நான் ஓம் எண்டன். "நாங்கள் மூண்டு பேரும்தான், வேற ஒருத்தரும் இல்லை" எண்டு வாக்குக் குடுத்தன். இவரும் தலையாட்டினவர். எனக்கு மலையும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். செப்ரெம்பரில போகமுன்னம் அவள் ஒருக்காப் பழையபடி எங்களோட இருந்து கதைக்கவேணும், அவ்வளவுதான் என்ர ஆசை.

3

உடனே கரைச்சல் தொடங்கினது. முதல் கரைச்சல் இவர்தான்.

"இஞ்சேரும், சைக்கிள் ஓடுறதுக்கு ஆரும் லீவு எடுப்பினமோ? நான் ஊரில பள்ளிக்கூடத்துக்கு ஓடினன், தோட்டத்துக்கு ஓடினன், ஒரு மூட்டை வெங்காயத்தோட சந்தைக்கு ஓடினன். அதை ஒருத்தரும் லீவு எண்டு சொல்லேல்லை."

"சும்மா இருங்கோ. பிள்ளை கேட்டிட்டாள்."

நாடு தெரிவு செய்யிறது அடுத்த வில்லங்கம். வெள்ளைக்காரன் மலையைப் பாப்பான், காலநிலையைப் பாப்பான். நாங்கள் பாத்தது சொந்தக்காரர் இல்லாத நாட்டை. சுவிசில இவரின்ர மூத்த தமையன். பிரான்சில என்ர ஒண்டுவிட்ட தங்கச்சிமார். இத்தாலியில பலெர்மோ வரைக்கும் எங்கட ஊர்ச்சனம். விரலை மடக்கி மடக்கிப் பாத்துக் கடைசியா மிஞ்சினது ஒஸ்ரியா. ஏஜென்சியில வாங்கின புத்தகத்தைப் புரட்டி, இவரே ஒரு சின்ன ஊரில விரலை வைச்சார். "இது நல்லம். ஆத்தங்கரையாலதான் பாதை, ஏத்தம் இறக்கம் இல்லை, உமக்கு முழங்கால் நோகாது" எண்டார். கடையைத் தவிர ஒண்டிலையும் மூளையைக் குடுக்காத மனுசன் என்ர முழங்காலை யோசிச்சதில நான் குளிர்ந்து போனன். அந்த ஊரின்ர பெயரை நான் எழுதமாட்டன். எழுதினால் அடுத்த வருஷம் எங்கட ஆக்கள் அங்கையும் ஒரு ஹோல் பிடிப்பினம்.

பிறகு ஒஃபிசில லீவு கேட்ட கதை. பக்கத்து மேசையில லெட்சுமி, மலேசியாக்காரி. படிக்க வந்து இஞ்சையே நிண்டிட்டா. தங்கமான மனுசி, ஆனால் அவவின்ர தமிழும் என்ர தமிழும் அடிக்கடி முட்டுப்படும். "ஓகஸ்டில ஒரு கிழமை குடும்பமா ஆறுதலாப் போட்டு வரப்போறம்" எண்டன். அவ எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சா.

"யாருக்கு என்ன ஆச்சுக்கா?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. ஆறுதலா இருக்கத்தான் போறம்."

"மனச விட்றாதீங்க. ஆமா, இந்த நேரத்துல ஆறுதல் வேணும்தான்."

மத்தியானம் மனேஜர் என்ர மேசைக்கு வந்து, மெல்லிய குரலில, எத்தினை நாள் வேணுமோ அத்தினை நாள் எடுக்கலாம், வேலையைப் பற்றி யோசிக்கவேண்டாம் எண்டான். ஆறுதலா எண்டால் எங்களுக்கு அவசரமில்லாமல், அவவுக்கு அது செத்தவீட்டுச் சொல்லு எண்டு அவனுக்கு இங்கிலீசில விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்கே எனக்குத் தனியா ஒரு லீவு தேவைப்பட்டுது.

அதோட முடிஞ்சுதோ எண்டால் இல்லை. அந்த ஊரில அறை வாடகைக்கு விடுற ஒரு மனுசிக்கு ரெலிபோன் எடுத்து மூண்டு பேரின்ர பெயரையும் பாஸ்போட்டில இருக்கிற மாதிரி வாசிச்சன். எங்கட பெயர் வைக்கிற முறை உங்களுக்குத் தெரியும். என்ர கடைசிப் பெயர் இவரின்ர பெயர். ஆரணியின்ர கடைசிப் பெயரும் இவரின்ர பெயர். இவரின்ர கடைசிப் பெயர் இவரின்ர தேப்பன்ர பெயர். மனுசி எழுதிப்போட்டு, "அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரு அறை. உங்களோட வாற அந்த ஆம்பிளைக்கு மேல்மாடியில தனியறை" எண்டுது.

"அது என்ர புருசன்."

"ஆனால் பெயர் வேறையே."

"அவரின்ர பெயர்தான் எங்கட பெயர்."

"அப்ப அவருக்கு ஏன் அவரின்ர பெயர் இல்லை?"

கடைசியில அந்த மனுசி, எங்கட குடும்ப விஷயத்தில தான் தலையிடேல்லை எண்ட தோரணையில, ஒரே அறையில மூண்டு கட்டில் போடுறன் எண்டு ஒப்புக்கொண்டுது.

4

கடை வைச்சிருக்கிறவனிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லுறதும் ரேடியோவில அறிவிக்கிறதும் ஒண்டுதான். இவர் கல்லாவில நிண்டு, அரிசி வாங்க வந்த ஆக்கள் எல்லாருக்கும் "ஓகஸ்டில ஒஸ்ரியா போறம்" எண்டு சொல்லியிருக்கிறார். ரெண்டு கிழமையில எங்கட வீட்டு முன்னறையில பார்சல் சேரத் தொடங்கிச்சு. ஆற்றையோ தங்கச்சிக்குச் சாறி. ஆற்றையோ மாமிக்குப் பஞ்சாங்கம். ஒருத்தர் கறுப்புப் பையில இறுக்கிக் கட்டி, "சும்மா சாமான்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனார். எல்லாத்திலையும் விலாசம் சுவிஸ்.

"ஒஸ்ரியா போற எங்களிட்ட ஏன் சுவிசுக்குப் பார்சல் குடுக்கினம்?" எண்டு இவரைக் கேட்டன். வெங்காயச் சாக்கை அவிட்டுக்கொண்டு நிண்டவர் நிமிரேல்லை. எனக்கு எங்கையோ பொறி தட்டிச்சு. புத்தகத்தை எடுத்து, அந்த ஊரின்ர வரைபடத்தை வடிவாப் பாத்தன்.

"இஞ்சேருங்கோ, இந்த நீலக்கோடு என்ன?"

"ஆறு."

"ஆத்துக்கு அங்கால?"

வெங்காயத்தை ஒவ்வொண்டா எடுத்து உருட்டிப் பாத்தார். "சுவிஸ்" எண்டார்.

என்ர முழங்காலாம். இந்த மனுசனின்ர கள்ளத்தனத்துக்கு நான் குளிர்ந்து வேற போனன்.

ஆனால் ஒண்டு சொல்லவேணும். இவரின்ர தமையனை, நான் பெரியத்தான் எண்டு கூப்பிடுறவரை, இவர் கடைசியாக் கண்டது யாழ்ப்பாணம் ஸ்ரேசனில. பெரியத்தான்தான் இவரைச் சைக்கிள் முன்பாரில ஏத்திக்கொண்டு வந்து விட்டவர். பிறகு அவர் சுவிசுக்குப் போய்ச் சேந்தார். அவைக்கு அங்கை குடுத்த அனுமதியில நாட்டை விட்டு வெளிய போக ஏலாது. எங்களுக்கோ அகதிப் பத்திரத்தில பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் விசா தந்தினம், சுவிஸ் மட்டும் தரேல்லை; பிரிட்டிஷ் பாஸ்போட் போன வருஷம்தான் கிடைச்சது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில "சாப்பிட்டியோ, சாப்பிட்டன்" எண்டு கதைச்சதுதான். இதை என்னட்ட நேர சொல்லியிருந்தால் நான் என்ன பேயோ, விளங்காமல் போறதுக்கு? சொல்லமாட்டார். ஆத்தங்கரை, ஏத்தமில்லை எண்டுதான் சொல்லுவார்.

அதுக்குப் பிறகுதான் பெரிய இடி. பெரியத்தானின்ர மனிசி, அக்கா எண்டு நான் கூப்பிடுறவ, ரெலிபோனில சந்தோசத்தில கத்துறா. "பிள்ளை, நீங்கள் வாறபடியால் சின்னவளின்ர சாமத்தியவீட்டை அந்தச் சனிக்கிழமைக்கு மாத்திப்போட்டம். ஹோலும் சரி, ஐயரும் சரி, வீடியோக்காரனும் சரி. லண்டன் சித்தப்பா வாறார் எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு. தட்டுத் தூக்குற பிள்ளையளுக்கு முன்னுக்கு ஆரணிதான். பாவாடை தாவணி தைச்சு வைச்சிருக்கிறன், அளவு சரியோ தெரியேல்லை."

ரெலிபோனை வைச்சிட்டு இவரைப் பாத்தன்.

"நான் வாறன் எண்டு சொல்லேல்லை" எண்டார். "அண்ணை கேட்டவர், பாப்பம் எண்டுதான் சொன்னனான்."

"பாப்பம் எண்டால் என்ன?"

"பாப்பம் எண்டால் பாப்பம்தான்."

இந்தப் பாப்பத்தை எங்கட ஆக்களுக்கு ஆர் பழக்கினதோ தெரியேல்லை. கடன் கேட்டால் பாப்பம். கலியாணம் பேசினால் பாப்பம். ஓம் எண்டும் இல்லை, இல்லை எண்டும் இல்லை. சொல்லுறவருக்கு ஒரு கருத்து, கேக்கிறவருக்கு வேற கருத்து, நடுவில ஹோல் புக் பண்ணுப்பட்டிடும்.

நாங்கள் போட்ட சத்தத்தில ஆரணி படியில வந்து நிண்டதைக் காணேல்லை. அவள் கத்தேல்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "அப்பா எனக்குப் பாப்பம் எண்டு சொன்னால் அதுக்கு நோ எண்டு அர்த்தம். சின்னனிலயே எனக்கு அது தெரியும். அவைக்குப் பாப்பம் எண்டு சொன்னால் மட்டும் அது யெஸ்" எண்டாள். "நீங்கள் போட்டு வாங்கோ. நான் வரேல்லை." மேல கதவு சாத்துப்பட்டுது. இவர் கையில வெங்காயத் தோலோட நிண்டார்.

5

எனக்குக் கலியாணமாகி இத்தினை வருஷத்தில பெரியத்தானோட நேர கதைச்சது குறைவு. மரியாதை. சுகமோ எண்டு கேப்பன், பிறகு றிசீவரை இவரிட்டக் குடுத்திடுவன். அண்டைக்கு நானே நம்பரை அடிச்சன். இவர் "வேண்டாம், அண்ணை என்ன நினைப்பார்" எண்டு சுத்திச் சுத்தி வந்தார். போங்கோ அங்கால எண்டன்.

"பெரியத்தான், நாங்கள் சாமத்தியவீட்டுக்கு வரேல்லை. இந்த லீவு நாங்கள் மூண்டு பேரும் மட்டும்தான் எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டம். இவர் பாப்பம் எண்டது பிழை. ஏலாது."

எங்கட பரம்பரையில தம்பி பெண்சாதி ஒருத்தி தமையனுக்கு ஏலாது எண்டு சொன்னது அதுதான் முதல்தரமா இருக்கும். அந்தப் பக்கம் ரீவியில ஜேர்மன் பாசையில ஆரோ செய்தி வாசிச்சது மட்டும் கேட்டுது.

"சரி பிள்ளை" எண்டார். "நீர் சொன்னது நல்லது. உவன் சின்னனிலயும் இப்பிடித்தான், வாய் திறக்கமாட்டான்." பிறகு கொஞ்சம் நிண்டு, "ஆத்துக்கு மேல ஒரு பாலம் கிடக்கு. சனிக்கிழமை காலமை, ஹோலுக்குப் போகமுன்னம், நான் இஞ்சால கரையில வந்து நிக்கிறன். தனியத்தான் வருவன். அவனை ஒருக்காக் கண்ணால கண்டால் எனக்குக் காணும்" எண்டார்.

அதுக்கும் மாட்டன் எண்டு சொல்ல நான் என்ன கல்லோ? மேல போய் ஆரணியின்ர கதவுக்கு வெளியில நிண்டு, பெரியப்பாவின்ர அனுமதிக் கதையில இருந்து ஸ்ரேசன் கதை வரைக்கும் எல்லாத்தையும் அந்தப் பலகைக்குச் சொன்னன். கொஞ்சத்தால கதவு ஒரு விரலளவு திறந்துது.

"ஒரு மணித்தியாலம்?"

"ஒரு மணித்தியாலம்."

"ஹோல் இல்லை?"

"பாலத்தில ஆரடி ஹோல் கட்டினது?"

"ஃபைன்" எண்டாள். அந்தச் சொல்லைக் கேட்டு நான் சந்தோசப்பட்டது அண்டைக்குத்தான்.

6

போனம். ஊர் வடிவுதான், அதில பொய்யில்லை. மலை ஒரு பக்கம், ஆறு மற்றப் பக்கம், நடுவில மாடுகள் மணி கட்டிக்கொண்டு நிண்டுதுகள். ஆனால் ஆறுதல்தான் வரேல்லை. சீற் இடுப்புக்கு உயரம், இறங்கினால் ஏற ஏலாது, ஏறினால் இறங்க ஏலாது. நான் ஊரில ஓடினது லேடிஸ் சைக்கிள். இது இருபத்தொரு கியர் வைச்ச எருமை. இவர் காற்சட்டைக் காலைச் சொக்சுக்குள்ள செருகிக்கொண்டு நேர முதுகோட ஓடுவார், பின்னேரமானால் ரெலிபோன் பெட்டிக்குள்ள நிண்டு "பால் வந்ததோ, பாண் காணுமோ" எண்டு கடைக்குக் கோல். ஆரணி காதில வோக்மன் மாட்டிக்கொண்டு எங்களுக்குக் கன தூரம் முன்னுக்குப் போவாள். இரவு சாப்பாட்டில "ம்". காலமை "ஃபைன்". லண்டனில கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள், இஞ்சை கதவில்லாமலே சாத்திக்கொண்டு இருந்தாள். புதன் போச்சு, வியாழன் போச்சு. எனக்கு ஆரோட கோவம் எண்டே தெரியேல்லை. மலையைப் பாத்தாலும் கோவம் வந்தது.

சனிக்கிழமை காலமை பார்சலெல்லாத்தையும் மூண்டு சைக்கிளிலையும் கட்டினம். புடவை வியாபாரத்துக்குப் போற மாதிரி இருந்தது. பாலத்துக்கு அங்கால சுங்கக்காரன் மறிச்சான். பாஸ்போட்டைப் பாத்தான், எங்களைப் பாத்தான், பிறகு இவரின்ர கரியரில இருந்த கறுப்புப் பையைப் பாத்தான். அவிழ் எண்டான். அவிட்டார். கருவாடு. அந்த மலைக்காத்து முழுக்கக் கருவாட்டு வாசம் பரவிச்சு. சுங்கக்காரன் ரெண்டடி பின்னுக்குப் போய், கையாலதான் போகச் சொல்லிக் காட்டினான்.

தனிய வாறன் எண்ட பெரியத்தான் ரெண்டு வானில வந்திருந்தார்.

கார் நிப்பாட்டுற இடத்தில பட்டுச்சாறி, வேட்டி, குஞ்சு குருமான். பின்கதவு திறந்து கிடக்க உள்ள சோத்துச் சட்டி, கறிச்சட்டி. சாமத்தியப்பட்ட பிள்ளையே நகையெல்லாம் போட்டு, மாலையும் கையுமா, அந்த வெயிலுக்க நிக்கிறாள். பக்கத்தில வீடியோக்காரன் தோளில கமெராவோட. நான் ஆரணியைத் திரும்பிப் பாத்தன். அவள் பாலம் முடியிற இடத்தில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு, ஹெல்மெற்றைக் கழட்டாமல் நிண்டாள். வாக்குக் குடுத்தவள் நான்.

பெரியத்தான் நடந்து வந்தார். தலை முழுக்க நரைச்சிருந்தது. "என்னடா இப்பிடிச் சதை வைச்சிட்டாய்" எண்டு கேட்டபடி இவரைக் கட்டிப்பிடிச்சார். அப்பதான் அந்த வீடியோக்காரன், "அண்ணை, வான் கதவு மறைச்சுப்போட்டுது. ஒருக்காத் தள்ளி நிண்டு திரும்பக் கட்டிப்பிடியுங்கோ" எண்டான்.

எனக்கு அவனின்ர கமெராவைப் பறிச்சு ஆத்தில எறியவேணும் போல இருந்தது. ஆனால் ரெண்டு பேரும், சொல்லுக் கேக்கிற பிள்ளையள் மாதிரி, தள்ளி நிண்டு திரும்பக் கட்டிப்பிடிச்சினம். ரெண்டாந்தரம் விடேல்லை. பெரியத்தானின்ர தோள் குலுங்கினதைக் கண்டன். வீடியோக்காரன் "காணும் அண்ணை, காணும்" எண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னான். ஒருத்தரும் கேக்கேல்லை.

பிறகு பெரியத்தான் முகத்தைத் துடைச்சுப்போட்டு, "சரி, வானில ஏறு தம்பி. கிட்டத்தான். ஐயர் காத்துக்கொண்டு நிக்கிறார். பின்னேரம் கொண்டுவந்து விடுறன்" எண்டார்.

"தனிய வாறன் எண்டனீங்கள் பெரியத்தான்" எண்டன் நான்.

"உவையள் கேட்டால்தானே பிள்ளை. இவ்வளவு தூரம் வந்திட்டியள். ஒரு ரெண்டு மணித்தியாலம்."

அக்கா அதுக்கிடையில பாவாடை தாவணியை விரிச்சுக்கொண்டு ஆரணியை நோக்கி ரெண்டடி வைச்சிட்டா. எல்லாரும் இவரைப் பாத்தினம். இவரின்ர வாயில என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும், இருபது வருஷம் கேட்டவள். இவர் ஆரணியைப் பாத்தார். அவள் தேப்பனைப் பாக்கேல்லை, சைக்கிள் பிறேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு விட்டுக்கொண்டு நிண்டாள்.

"ஏலாது அண்ணை" எண்டார்.

"என்ன?"

"நான் வரேல்லை. பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன், நாங்கள் மூண்டு பேரும்தான் எண்டு." தமையனின்ர கையைப் பிடிச்சார். "எனக்கு வர விருப்பம் அண்ணை. ஆனால் வந்தால் அவளுக்குப் பொய் சொன்னதாப் போயிடும்."

அக்கா தாவணியை மடிச்சா. எங்களுக்கெண்டு வெளியில எடுத்து வைச்ச சோத்துப் பார்சல் மூண்டையும் திருப்பி வானுக்குள்ள வைச்சா. இண்டைக்கு வரைக்கும் அவ எங்களோட கதையில்லை. பெரியத்தான் ஆரணியைக் கொஞ்ச நேரம் பாத்தார். பிறகு இவரின்ர சைக்கிள் ரயரை அமத்திப் பாத்து, "காத்துக் குறைவாக் கிடக்கு, பாத்துப் போ" எண்டார்.

பார்சலெல்லாத்தையும் அவிட்டு வானடியில வைச்சிட்டு நாங்கள் பாலத்தைக் கடந்து திரும்பினம். இவர் திரும்பிப் பாக்கேல்லை. கரைக்கு இறங்கின உடனே ஆரணி வழமைபோல முன்னுக்குப் பறந்திட்டாள். சரிதான், இவ்வளவும் பட்டு இதுதான் கண்ட பலன் எண்டு நினைச்சுக்கொண்டு உழக்கினன். இவர் எனக்குப் பின்னால எங்கையோ மெல்ல வந்துகொண்டிருந்தார்.

கொஞ்சத் தூரத்தில பாத்தால் ஆரணி பாதையோரம் நிக்கிறாள். வோக்மனைக் கழுத்தில தொங்கவிட்டிருந்தாள். எனக்காகத்தான் நிக்கிறாள் எண்டு நான் மூச்சைப் பிடிச்சு உழக்கிப் போனன். என்னைப் போக விட்டாள். தேப்பன் வந்து சேர, அவருக்குப் பக்கத்தில ஏறிக்கொண்டாள். ரெண்டு பேரும் என்னைக் கடந்து முன்னுக்குப் போனதுகள். அவள் ஏதோ கேட்டாள், இவர் ஏதோ சொன்னார். அவள் திரும்பக் கேட்டாள். இவர் ஒரு கையை விட்டு, சைக்கிளின்ர முன்பாரைத் தொட்டு என்னத்தையோ காட்டினார். அவள் இடைவிடாமல் கதைக்கத் தொடங்கினாள், சின்னனில கதைச்ச மாதிரி, மூச்சு விடாமல்.

அந்தப் பாதையில ரெண்டு சைக்கிளுக்குத்தான் இடம். காத்து முன்னால இருந்து அடிச்சும் எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. திட்டம் போட்டது நான், லீவு எடுத்தது நான், பெரியத்தானோட சண்டை பிடிச்சது நான், முழங்கால் நோகிறதும் எனக்கு. ஒருத்தராவது திரும்பிப் பாக்கினமோ எண்டால் இல்லை. கோவம்தான் வந்தது, பொய் ஏன் சொல்ல. இஞ்சேருங்கோ எண்டு ஒரு சத்தம் வைச்சால் ரெண்டு பேரும் நிப்பினம். நிண்டால் அந்தக் கதை அதோட முறிஞ்சிடும்.

நான் கியரைக் குறைச்சு, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நிண்டன்.